கரிக்கு உப்புப் பார்த்த தவக்காலம்

கற்பிட்டிக் கடலில் பலகை மேல் நின்று பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பறக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு, தங்கள் கையாலேயே கொச்சிக்காய், அதாவது பச்சைமிளகாய், பிடுங்கிச் சாப்பிட ஆசையாம். யாரோ கரையிலுள்ள ஹோட்டல் ஒன்றின் மனேஜருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பிவிட்டார். அறைகளுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் சட்டிகளில் கொச்சிக்காய், தக்காளி, புதினா நிற்க வேண்டும், நூற்றைம்பது சட்டி வேண்டும், மே மாதத்துக் காற்று தொடங்குமுன் வேண்டும் என்று கேட்டார். கேட்டது என் பக்கத்து வீட்டு ராத்தாவிடம்.

ராத்தா, அதாவது அக்கா, என்று நான் கூப்பிடுவதால் உறவு என்று நினைக்க வேண்டாம். நான் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ராத்தா தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். முகாமில் இருந்து, கணவரை இழந்து, கடைசியில் எங்கள் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். கருவாட்டு வாடி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மீன் வெட்டி உப்புப் போட்டார். அவர் கையில் எந்தச் சாத்திரக்காரனாலும் ரேகை பார்க்க முடியாது, உப்பு எல்லாவற்றையும் அரித்துவிட்டது.

முந்தைய வருடம் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, இனி இந்தக் கைய உப்புத் தண்ணிக்குள்ள வைக்க மாட்டன்," என்றார். அன்றோடு வாடியை விட்டார். வாசலில் சட்டிகளை அடுக்கி மரக்கன்று விற்கத் தொடங்கினார். ஊர் சிரித்தது. வாடி முதலாளி ராத்தாவின் இடத்துக்கு வேறு ஆள் வைக்கவும் இல்லை. "அவ வருவா, எங்க போறது," என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு அடிப்பிடித்தது. ஹோட்டல் சட்டிகள் சரிவந்தால் ராத்தா தப்புவார், இல்லாவிட்டால் வாடிதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த முதலாளிக்கும் தெரியும்.

எங்கள் மண் வெறும் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இருக்காது, போட்ட உரமும் அதோடு இறங்கிப்போய்விடும். உரத்துக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு விவசாயக் கந்தோரில் வேலை செய்கிற மிஸ் ஒருவர் ஊர் ஊராக வந்து தேங்காய்ச் சிரட்டைக்கரி பற்றிச் சொல்லிக்கொடுத்தார். மூடி வைத்து எரித்த கரியைச் சின்னதாக உடைத்து, தும்புத்தூள், எரு, மணலோடு ஐந்துக்கு ஒரு பங்கு சேர்த்தால் சட்டி இலேசாக இருக்கும், தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். அவர் அதைப் பயோசார் என்றார். நாங்கள் கரி என்றோம்.

"வெறுங்கரிய மட்டும் சட்டியில போடாதீங்க," என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். "அதுக்குப் பசி. செடிக்குப் போடுற சாப்பாட்ட அது முதல்ல தின்னும். முதல்ல கரிக்குச் சாப்பாடு குடுத்து ரெண்டு கிழமை ஊற வையுங்க. மாட்டு மூத்திரம், இல்லாட்டி இலைதழை ஊறின தண்ணி."

எங்கள் ஊரில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ராத்தாவின் பின்வளவில் பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை, எங்கள் பேச்சில் பரலை, வைத்துச் சிரட்டையை அடுக்கி மூட்டினோம். மூன்றாம் நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். பரல், புகை, வேலி மறைவு, இரண்டு பெண்கள்: கசிப்புச் சாராயம் வடிக்கிறோம் என்று யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வேளை தொழுகிற ராத்தாவைப் பார்த்து ஒருவர் சிங்களத்தில், எத்தனை போத்தல் என்று கேட்டார். ராத்தா பரலின் மூடியைத் திறந்து காட்டினார். அவர் எட்டிப் பார்த்தார், மணந்து பார்த்தார், நம்பிக்கையில்லாமல் ஒரு குச்சியால் கிண்டியும் பார்த்தார். கடைசியில், தன் மனைவி அந்தூரியம் வளர்க்கிறாள் என்று சொல்லி ஒரு பை கரி வாங்கிக்கொண்டு போனார்.

கரி ஆயிற்று. இனி அதற்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மாட்டு மூத்திரம் என்றதும் ராத்தா கையை உதறினார்.

"அது நஜீஸ், தங்கச்சி. உடுப்பில தெறிச்சா எப்பிடித் தொழுறது? ஒரு நாளைக்கு எத்தின தரம் குளிக்கிறது?"

அதற்கு நான் சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தக் கரையில் தென்னம்பிள்ளை நட்டால் குழிக்குள் இரண்டு சிரங்கை உப்புப் போடுவோம். கருவாட்டுத் தொட்டித் தண்ணீரைத் தென்னைக்குத்தான் ஊற்றுவோம். மீன் இரத்தமும் குடலும் ஊறிய அந்தத் தண்ணீரைக் குடித்து என் வளவுத் தென்னைகள் காய்க்கிற காய்ப்பைப் பார்த்து வீதியில் போகிறவர்கள் நிற்பார்கள். மாம்புரிப் பக்கம் வெங்காயமும் மிளகாயும் செய்கிறவர்கள் என்றால் யோசித்திருப்பார்கள். நாங்கள் கடற்கரைச் சனம். எங்களுக்குத் தெரிந்த மரம் தென்னை, அது உப்புக் குடிக்கிற மரம். தென்னைக்கு நல்லது கொச்சிக்காய்க்குக் கூடாமல் போகும் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது?

"எங்கட வீட்டுத் தொட்டித் தண்ணி கிடக்குது, ராத்தா. எல்லாச் சத்தும் அதுக்குள்ளதான்," என்றேன். பெரிய படிப்பாளி மாதிரித்தான் சொன்னேன்.

இரண்டு பரல் நிறையக் கரியைப் போட்டு, என் கருவாட்டுத் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். அடுத்த நாள் காலையில் ஊரிலுள்ள பூனைகளெல்லாம் ராத்தாவின் வளவில் இருந்தன. சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பரலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த ஊர் எத்தாளையிலிருந்தும் வந்திருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். கரியை அள்ளிக் காயப்போட்டபோது ஒரு கறுத்தக் கடுவன் பூனை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடி, கொஞ்ச தூரத்தில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தது. ஏமாற்றுக்காரரைப் பார்க்கிற பார்வை.

நூற்றைம்பது சட்டியும் நிரப்பிக் கன்று நட்டோம். முதல் நாலு நாள் பார்க்க அழகாக இருந்தது. ஐந்தாம் நாள் தக்காளி இலையின் ஓரம் கருகியது. பிறகு கொச்சிக்காய் சுருண்டது. புதினா பாவம், சட்டென்று போய்விட்டது. தண்ணீர் போதாது என்று ஊற்றினோம், வெயில் கூட என்று பந்தல் போட்டோம், யாருடையதோ கண்ணூறு என்று நான் செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டேன். பத்தாம் நாள் காலையில் சட்டிகளின் மேல் மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் கையை நீட்டி, விரலில் தொட்டு, நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ராத்தா என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். அவர் செத்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பக்கம் போட்டார். உப்பை விட்டு ஓடிவந்த மனுசிக்கு உப்பை வாளியில் சுமந்துகொண்டுபோய் ஊற்றியது நான். அன்று நான் வெட்கத்தில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பின்னேரம் ராத்தா வாடிக்குக் கட்டும் பழைய றப்பர் ஏப்ரனைக் கழுவிக் கொடியில் போட்டிருப்பதைக் கண்டபோதுதான் எழுந்தேன். அதை இழுத்து எடுத்துச் சுருட்டி என் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"தாங்க, தங்கச்சி," என்றார்.

"தரேலாது," என்றேன்.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். கரி கெட்டுப்போகாது, நல்ல தண்ணீரில் உப்புப் போகுமட்டும் கழுவுங்கள், பிறகு இலைதழைத் தண்ணீரில் ஊறவையுங்கள் என்றார். உப்புப் போய்விட்டதா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறதாம். கந்தோரில் ஒன்று இருந்தது, இடமாற்றம் கிடைத்துப் போன ஐயா அதையும் கொண்டுபோய்விட்டாராம். "நாக்கில வச்சுப் பாருங்க அக்கா, வேற வழியில்ல," என்றார்.

அப்போது நோன்பு தொடங்கியிருந்தது. ராத்தா மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்தார். சமைக்கிற பெண் நாக்கு நுனியில் உப்புப் பார்த்துத் துப்பலாம், அது தேவை. கரி சாப்பாடும் இல்லை, சமையலும் இல்லை, நோன்போடு அதை வாயில் வைப்பானேன், நோன்பில்லாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள் என்றாராம். நோன்பில்லாத ஒருவர் நான்தான். எனக்கும் அது தவக்காலம், வெற்றிலையை விட்டிருந்தேன். வெற்றிலைக்குப் பதில் கரி வந்து சேர்ந்தது.

சட்டிகளைக் கொட்டிச் சலித்தெடுத்த கரியைப் பழைய வலைத்துண்டுகளில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, தூக்கி வடித்து, வடித்ததைத் தென்னைக்கு ஊற்றி, மறுபடியும் நல்ல தண்ணீர் அள்ளினோம். கிணற்றடியிலிருந்து நடந்து நடந்து என் முழங்கால் போயிற்று. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துண்டை எடுத்து நான் சப்பிப் பார்க்க வேண்டும். எவ்வளவு உப்பு என்றால் போதும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ராத்தாதான் அளவு வைத்தார். பள்ளிவாசலில் வார்க்கிற நோன்புக் கஞ்சியில் ஒரு கோப்பை எங்கள் வீட்டுக்கும் தினமும் வரும்.

"கஞ்சியை விட உப்பு எண்டா இன்னும் ஒரு தண்ணி," என்றார் ராத்தா. "கஞ்சியை விடக் குறைவெண்டா விடுவம்."

அதன்படியே வேலை நடந்தது. முதல் நாள் எல்லாம் கருவாடு. நாலாம் நாள் மீன்குழம்பு. ஏழாம் நாள் இரண்டு முடிச்சு கஞ்சிக்கு வந்தன. கஞ்சி காய்ச்சுகிறவர் ஒருநாள் உப்புக் கூடப் போட்டுவிட, அன்று ஐந்து முடிச்சு ஒரேயடியாகத் தேறிவிட்டன. அடுத்த நாள் கஞ்சி சப்பென்று இருந்தது, ஐந்தும் திரும்பவும் தண்ணீருக்குப் போயின. பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி உப்பை ஒரே அளவாகப் போடச் சொல்லலாமா என்றுகூட நான் கேட்டேன். அந்த நாட்களில் ராத்தா சிரித்த ஒரே நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்மை அப்பம் வாங்கப் போனேன். நான் பழைய ஆள், கையில் வாங்குவதில்லை, நாக்கை நீட்டுவேன். நீட்டினேன். ஃபாதரின் கை பாதியில் நின்றது. என் நாக்கு பரலின் அடி நிறத்தில் இருந்திருக்கிறது. எனக்குப் பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்து "யேசுவே" என்றாள். பூசை முடிந்து ஃபாதர் என்னைக் கூப்பிட்டார்.

"வாய்க்கு என்ன நடந்தது?"

"கரி, ஃபாதர். பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு நோன்பு. அதால நான் தின்னுறன்."

ஃபாதர் நல்ல மனிதர். இது நேர்த்திக்கடனா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, கொச்சிக்காய்க்கு என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஊர் கேட்காமல் விடுமா? ஒரு பெண் கரி தின்கிறாள் என்றால் எங்கள் பெண்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இரண்டு நாளில் கதை கரைக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரர் வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு இறங்க, அங்கு நின்றவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து கைகொடுத்திருக்கிறார்கள். ஒருவர் புளிப்பு மாங்காய் ஒரு பை கொடுத்துவிட்டிருந்தார். வீட்டுக்காரர் அதை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மாங்காயை நான் ஊறுகாய் போட்டேன், வீணாக்குவானேன்.

இந்தச் சீரில் நாங்கள் இருந்தபோதுதான் ஹோட்டல் மனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் கண்டது நூற்றைம்பது வெறுஞ்சட்டி, மரக்கொம்புகளில் வலைமுடிச்சுகளில் தொங்குகிற கரி, வாய் முழுக்கக் கறுப்போடு "வாங்க ஐயா" என்று சிரிக்கிற ஒரு பெண். அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"செடி எங்க?"

கன்றெல்லாம் வேறு இடத்தில் நிழலில் இருக்கிறது என்று ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. அதற்குள் ராத்தா முன்னுக்கு வந்தார்.

"செத்துப்போச்சு, ஐயா. கரிய உப்புத் தண்ணியில ஊறப்போட்டுட்டன். என்ட பிழை."

என் பிழை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ராத்தா என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கையின் சொரசொரப்பு எனக்கு இன்றைக்கும் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன், அதற்காக என்னை நான் மன்னித்ததில்லை.

மனேஜர் சட்டிகளைச் சுற்றி நடந்தார். கரி போடாத தட்டுகளில் ராத்தா இரண்டாம் முறை போட்டிருந்த நாற்றுகளைக் குனிந்து பார்த்தார். "நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் வருவன். பச்சையா நிக்கிறத எடுப்பன். இல்லாட்டிச் சிலாபத்தில வாங்குவன்," என்றார். போகும்போது ஒரு தரம் திரும்பி என் வாயைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்த வேகம் கொஞ்சமல்ல. தேறிய கரியைக் கிளிரிசிடியா இலை ஊறிய தண்ணீரில் போட்டோம். அது மீனை விட மோசமாக நாறியது, ஆனால் ஒரு பூனையும் வரவில்லை. ஊறினதை எடுத்து எடுத்துச் சட்டி நிரப்பி நாற்று வைத்தோம். ராத்தா நோன்போடு, வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் சட்டி சட்டியாகக் குனிந்து எழுந்தார். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது இலை ஓரங்களைத்தான். அவை கருகவில்லை. ஒரு நாள் கொச்சிக்காயில் புதுத் தளிர் கண்டேன். வெற்றிலையை விட்ட வாயால் மாதாவுக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொன்னேன்.

பெருநாளுக்கு முதல் நாள் லொறி வந்தது. தொண்ணூறு சட்டி பச்சையாக நின்றது. மனேஜர் ஒரு தக்காளிச் சட்டியைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு பாரமில்லாமல் இருக்கிறதே என்று திரும்பவும் தூக்கினார். தொண்ணூறையும் ஏற்றினார். மிச்சம் அறுபதையும் மே மாதத்துக்குள் இங்கேயே எடுப்பதாகச் சொன்னார். லொறி திரும்பி மறைந்ததும் நான் வீதியிலேயே நின்று அழுதேன். ராத்தா அழவில்லை, சட்டி இருந்த இடங்களைக் கூட்டினார்.

அடுத்த நாள் பெருநாள். புதுச் சீலையும் தலைக்கு முக்காடும் போட்டுக்கொண்டு, தட்டில் வட்டிலப்பமும் தொதலும் வைத்து வேலியால் நீட்டினார் ராத்தா. கூடவே, ஒரு கடதாசியில் மடித்த கரித்துண்டு ஒன்று.

"கடைசி முடிச்சு, தங்கச்சி. பாத்துச் சொல்லுங்க."

எனக்குக் கொழுப்பு. பெருநாள் அன்றும் நான்தானா?

"தவக்காலமும் முடிஞ்சுது, நோன்பும் முடிஞ்சுது," என்றேன். "இண்டைக்கு நீங்களே பாருங்கோ, ராத்தா. நானும் ஒருக்கா நிண்டு வேடிக்கை பாக்கிறன்."

அவர் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னும் மென்றார். பிறகு சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"எனக்குத் தெரியாது, தங்கச்சி," என்றார். "எனக்கு உப்பு விளங்குறதில்ல."

"என்ன சொல்றீங்க?"

"வாடியில அந்த ருசி போயிட்டு. எப்ப போச்செண்டு தெரியாது. ஒரு நாள் பாத்தா இல்ல. கரண்டியால அளந்துதான் ஆக்குறன். மௌலவி அப்பிடிச் சொன்ன நேரம் எனக்கு நல்லதாப் போச்சு, உங்கட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சு." கரியை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். "வாடிக்குப் போகாம இருந்தா திரும்பி வரும் எண்டு நினைச்சன். வருஷம் ஒண்டு ஆச்சு."

அந்த முதலாளியையும், என் கருவாட்டுத் தொட்டியையும், என் வாயையும் சேர்த்து உடைக்க வேண்டும் போல எனக்கு இருந்தது. வரும் ராத்தா, வரும் என்றேன். வருமா என்று எனக்கு எப்படித் தெரியும்? வேலிக்கு மேலால் கையை நீட்டி, அவர் உள்ளங்கையில் கிடந்த மிச்சத்தை எடுத்து என் வாயில் போட்டுச் சப்பினேன்.

"கஞ்சியை விடக் குறைவு," என்றேன். "நடலாம்."